நெட்வொர்க் ஆய்வகத்தின் முதல் பயிற்சி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொறியியல் கல்லூரிகளில் கணினித் துறை மாணவர்கள் நெட்வொர்க் ஆய்வகத்தில் செய்யும் முதல் பயிற்சி குறித்து எழுத விரும்புகிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப் பாடத்திட்டம், நெட்வொர்க்கில் ஓடும் தகவலைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப், நடப்பிலுள்ள இணைப்புகளைக் காட்டும் நெட்ஸ்டாட், கணினியின் நெட்வொர்க் அமைப்பைக் காட்டும் இஃப்கான்ஃபிக், பெயருக்குரிய முகவரியைத் தேடும் என்எஸ்லுக்கப், தகவல் செல்லும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் ஆகிய கட்டளைகளைப் பழகுவதையும், பிங் (மறுமுனை பதிலளிக்கிறதா என்று சோதிக்கும் கட்டளை), டிரேஸ்ரூட் ஆகியவற்றின் பாக்கெட்டுகளை (தகவல் துண்டுகளை)ப் பிடித்து ஆராய்வதையும் முதல் பயிற்சியாக வைத்திருக்கிறது. மிக நல்ல தொடக்கம் இது. ஆனால் பல ஆய்வகங்களில் இப்பயிற்சி ஒரே வகுப்பில், ஐந்து வரையறைகளும் மூத்த மாணவர்களின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிய வெளியீடுகளுமாக முடிந்துபோகிறது. எந்த நோட்டைப் புரட்டினாலும் ஒரே ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்) இருப்பதைத் திருத்தும் ஆசிரியர்கள் அறிவார்கள்.

இதனால் மாணவர்கள் இழப்பது என்ன என்பதற்கு டிரேஸ்ரூட் ஒன்றே போதும். பாக்கெட் ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும் டிடிஎல் (டைம் டு லிவ், அதாவது ஆயுள்) என்ற எண் உண்டு. பாக்கெட்டுகளை அடுத்த நெட்வொர்க்குக்குக் கடத்திவிடும் ரௌட்டர்கள் வழியில் உண்டு; ஒவ்வொரு ரௌட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்ஜியமானால் பாக்கெட்டைக் கைவிட்டு, அனுப்பிய கணினிக்கு அறிவிப்பு அனுப்பும். பாக்கெட்டுகள் முடிவின்றிச் சுற்றாமல் இருக்கச் செய்த இந்த ஏற்பாட்டைக் கொண்டே, 1980களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கணினி அறிஞர் வான் ஜேக்கப்சன் வழித்தடம் அறியும் டிரேஸ்ரூட் கருவியை உருவாக்கினார். டிடிஎல்லை 1, 2, 3 எனக் கூட்டிக்கொண்டே அனுப்பினால், திரும்பி வரும் அறிவிப்புகள் வழியிலுள்ள ரௌட்டர்களை வரிசையாகக் காட்டிவிடும். எத்தனை அழகான யோசனை! பக்கத்துத் திரையில் டிசிபிடம்ப்பை ஓடவிட்டு அந்த அறிவிப்புகள் வருவதைக் கண்ணால் பார்த்த மாணவர் வாய்மொழித் தேர்வான வைவாவில் தடுமாற மாட்டார். பார்க்காதவருக்கோ திரையில் தோன்றும் நட்சத்திரக் குறிகள் பிழையாகவே படும். அந்த இடத்திலிருந்து பதில் வரவில்லை என்பதுதான் அவற்றின் பொருள், பாதை அதற்கு அப்பாலும் தொடரக்கூடும்.

டிசிபிடம்ப்புக்குப் பொதுவாக ரூட் உரிமை (கணினியின் மீது முழுக் கட்டுப்பாடு) தேவை. கல்லூரியின் பொது நெட்வொர்க்கில் பிறருடைய தகவல்கள் ஓடுவதால், அந்த உரிமையை மாணவர்களுக்குத் தர நிர்வாகங்கள் தயங்குவது நியாயமே. ஆனால் விலையின்றிக் கிடைக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில், ஒரே கணினிக்குள் இயங்கும் மூன்று மெய்நிகர் லினக்ஸ் கணினிகளை அமைத்து, நடுவில் உள்ளதை ரௌட்டராக்கி, வெளித்தொடர்பில்லாத உள் நெட்வொர்க்கில் இணைத்துவிட்டால், மாணவர் அதற்குள் ரூட்டாக இருந்து எதையும் செய்து பார்க்கலாம், யாருக்கும் தீங்கில்லை.

கட்டளைகளும் மாறிவருகின்றன. 2017இல் வெளியான டெபியன் 9 என்ற லினக்ஸ் பதிப்பு முதல், இஃப்கான்ஃபிக், நெட்ஸ்டாட் இரண்டும் புதிய நிறுவல்களில் இயல்பாக இடம்பெறுவதில்லை. அவற்றின் இடத்துக்கு வந்துள்ள ஐபி, எஸ்எஸ் கட்டளைகளையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும்.

செய்முறைத் தேர்விலும் மாற்றம் தேவை. கட்டளையின் விளக்கத்தை எழுதச் சொல்வதற்குப் பதில், வேண்டுமென்றே ஒரு கோளாறு வைத்த நெட்வொர்க்கை மாணவரிடம் கொடுக்கலாம். ஐபி முகவரிக்கு பிங் போய்ப் இணையதளப் பெயருக்குப் போகவில்லையென்றால், பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸைச் சந்தேகிக்க வேண்டும். பிங்குக்குப் பதிலே இல்லாதபோதும் இணையதளம் திறந்தால், இடையிலுள்ள ஃபயர்வால் (பாதுகாப்பு வடிகட்டி) பிங்கைத் தடுக்கக்கூடும். இப்படிக் காரணம் தேடிச் சென்ற வழியைச் சொல்லும் மாணவருக்கு, கோளாற்றை முழுவதும் சரிசெய்ய நேரம் போதாவிட்டாலும், உரிய மதிப்பெண் வழங்கப் பாடத்திட்டக் குழுவினர் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கணினித் துறை ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல்.