டிக்சன் ஏற்றிய கூட்டம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்தது. பேத்திக்குப் பெயர் வைத்தாயிற்று என்பதில் எங்களுக்கும் சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது.

உத்தரவு என்று வந்துவிட்டால் நம் கையில் என்ன இருக்கிறது என்று எழுதியிருந்தாய். தாலுகா ஆபீசிலேயே காலம் தள்ளியவன் நீ, வேறெப்படிச் சொல்வாய்! உனக்கென்றே ஒரு கப்பல் கேப்டனின் கதை வைத்திருக்கிறேன்.

1939 மார்ச். ஸ்பெயின் உள்நாட்டுப் போர் முடியும் தறுவாய். தோற்றுக்கொண்டிருந்த குடியரசு அரசாங்கத்தின் கடற்படை வட ஆப்பிரிக்காவுக்குத் தப்பிப் போய்விட்டது. மிச்சமிருந்த துறைமுகங்களை, அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்பிய தளபதி பிராங்கோவின் போர்க்கப்பல்கள் அடைத்து நின்றன. அதையும் மீறி ஸ்பெயினின் அலிகாண்டே துறைமுகத்துக்குள் நுழைந்தது ஸ்டான்புரூக் என்ற கப்பல். 1909-இல் கட்டிய 1,383 டன் நீராவிக் கப்பல், நீளம் எழுபது மீட்டர். வேகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பறந்தது பிரிட்டிஷ் கொடி. ஆனால் பிரிட்டிஷ் கடற்படையின் காவல் கரையிலிருந்து மூன்று மைலுக்கு வெளியேதான். அதற்குள் வந்தால் அவரவர் பாடு. தர்மக் கப்பல் என்றும் நினைத்துவிடாதே. முற்றுகைக்குள் போகும் சரக்குக்குக் கூலி அதிகம். முதலாளி பில்மேர் அதில் நன்றாகவே சம்பாதித்தார். அன்று ஏற்ற வேண்டியிருந்தது ஆரஞ்சு, புகையிலை, குங்குமப்பூ.

கேப்டன் ஆர்ச்சிபால்ட் டிக்சன், கார்டிஃப்காரர். உண்மையிலேயே கதியற்றவர்களாக இருந்தாலொழிய அகதிகளை ஏற்றக்கூடாது என்பது அவருக்கு வந்த உத்தரவு. மார்ச் 28 அன்று துறைமுகத்தில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். இவர்களுக்கு வேறு கதி ஏது என்று ஏற்ற முடிவு செய்துவிட்டார். முதலில் வரிசையாகத்தான் ஏறினார்கள். பிறகு தள்ளுமுள்ளு. காவலுக்கு நின்ற சுங்கக்காரர்களே துப்பாக்கியைப் போட்டுவிட்டு முண்டியடித்து ஏறினார்கள். ஏணியை விட்டுவிட்டு நகர்ந்துவிடலாமா என்றுகூட டிக்சன் யோசித்திருக்கிறார். அப்படிச் செய்தால் ஏணியில் நிற்பவர்கள் தண்ணீரில் விழுவார்கள் என்று விட்டுவிட்டார். ஏறியவர்கள் 2,638 பேர். சரக்கறை, மேல்தளம், எங்கும் கால் வைக்க இடமில்லை. கப்பல் அளவுக்கு மீறி அமிழ்ந்து, ஒரு பக்கம் சாய்ந்தபடி இரவில் புறப்பட்டது. சற்று நேரத்தில் பின்னால் குண்டுகள் விழுந்த சத்தம் கேட்டிருக்கிறது.

ஏறத்தாழ ஒரு நாள் பயணம், அப்போது பிரான்சின் ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகத்துக்கு. அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. பிரெஞ்சு அதிகாரிகள் உடனே இறங்க விடவில்லை. பெண்களையும் குழந்தைகளையும் முதலில் இறக்கினார்கள். ஆண்களில் பலர் ஒரு மாதத்துக்கும் மேல் அந்தத் தளத்திலேயே கிடந்தார்கள். பிறகு பலருக்குச் சகாராவில் வேலை முகாம்.

அதே துறைமுகத்திலிருந்து 'மாரிடைம்' என்ற பெரிய கப்பல் முப்பத்திரண்டு பேரை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. ஆயிரக்கணக்கானோர் கரையிலேயே நின்று, பிராங்கோவுக்குத் துணையாக வந்த இத்தாலியப் படையிடம் சிக்கினார்கள். மாரிடைமின் கேப்டனைக் கேட்டால் அவரும் நீ சொன்னதைத்தான் சொல்லியிருப்பார்!

அந்த நவம்பரில் ஜெர்மானிய நீர்மூழ்கியின் டார்பிடோ ஸ்டான்புரூக்கைத் தாக்கியது. டிக்சன் உட்பட ஒருவரும் பிழைக்கவில்லை. அலிகாண்டே துறைமுகத்தில் அவருக்கு மார்பளவுச் சிலை வைத்திருக்கிறார்கள்.

சரி, பதில் போடு. சண்டை பிடிப்பதானாலும் பரவாயில்லை. அப்புறம், அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்கு உன் ஊர்ப்பக்கம் வருகிறேன். இரவு பஸ் வேண்டாம் என்கிறாள் இவள். பகல் ரயிலில் வந்தால் ஸ்டேஷனுக்கு வருவாயா?

அன்புடன்,
ராமு