பிரெஞ்சு மாணவர்களைப் பேச வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரியில் பகுதி 1 மொழிப்பாடமாகப் பிரெஞ்சு எடுப்பவர்களில் பலர், மதிப்பெண் எளிதில் வரும் என்றுதான் எடுக்கிறார்கள். படிப்பு முழுவதும் எழுத்துத் தேர்விலேயே ஓடிவிடுகிறது. காதும் நாக்கும் பழகுவதில்லை. 'வூ' (நீங்கள்), 'அவே' (வைத்திருக்கிறீர்கள்) என்று தனித்தனியே படித்தவருக்கு, பேச்சில் அவை 'வூஸவே' என ஒட்டி வரும்போது பிடிபடாது. புணர்ச்சி இலக்கணம் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது எட்டாத விஷயமே அல்ல. யாராவது சொல்லிக் காட்ட வேண்டும்.

நிறுவனங்கள் பெரும்பாலும் பார்ப்பது, பிரெஞ்சு அரசு தரும் மொழித்திறன் சான்றிதழான டெல்ஃபை. ஏ1, ஏ2, பி1, பி2 என ஏறுமுகமாக நான்கு படிகள். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தத்தில் 50 தாண்டினாலும், ஏதேனும் ஒன்றில் 5-க்குக் கீழே போனால் தோல்விதான்.

ஏ2-வோடு நின்றால் சுற்றுலா, விடுதி வரவேற்பு போன்ற வேலைகளுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். பிரெஞ்சு வாடிக்கையாளரின் புகாரைத் தொலைபேசியில் கேட்டுப் பதில் சொல்ல பி2 வேண்டும். மொழிபெயர்ப்புக்கு அதுவும் போதாது. சட்டம், மருந்து, கணக்கு என ஒரு துறை அறிவும் சேர வேண்டும். புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களை வெறும் அகராதியை வைத்துக்கொண்டு படித்துவிட முடியாது.

கனடா மத்திய அரசின் குடியேற்றத் திட்டங்களுக்கு டெல்ஃப் செல்லாது. டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா என்ற பிரெஞ்சு மொழித் தேர்வை எழுத வேண்டும். அந்த மதிப்பெண் 2 ஆண்டுக்கே செல்லும். தெரியாமல் பணம் கட்டி ஏமாறும் மாணவர்களுக்குக் கல்லூரிகள் முதல் பருவத்திலேயே இதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் 10 நிமிட வாய்மொழித் தேர்வையும் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
பிரெஞ்சு விரிவுரையாளர்கள் சிலர்,
புதுச்சேரி