ஒழுகுகிற குழாய்க்குப் புதிய நீர் எதற்கு? குடிநீர் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

குடிநீர் வாரியத்தின் தலைவர், நிர்வாக இயக்குநர், பொறியாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடல்நீரைக் குடிநீராக்கும் புதிய ஆலைக்கு அடிக்கல் நாட்டப்போவதாகச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட அறிவிப்பைப் படித்தேன். எங்கள் தெருமுனையில், மேல்நிலைத் தொட்டிக்குப் போகும் பெரிய குழாய் உடைந்து அன்றோடு 38 நாட்கள் முடிந்திருந்தன. அந்த உடைப்பைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று முறை புகார் பதிவாகி, மூன்று முறையும் ‘சரிசெய்யப்பட்டது’ என்று என் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. கடைசிச் செய்தி வந்தபோது நான் அந்தக் குழியின் ஓரத்தில்தான் கால் நனைய நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் மாலை ஒரு 10 லிட்டர் வாளியை எடுத்துப்போய், குழியிலிருந்து வழிந்து வடிகாலில் நீர் விழும் இடத்தில் பிடித்தேன். 40 விநாடியில் நிறைந்துவிட்டது. பக்கவாட்டில் சிதறியதும் மண்ணுக்குள் இறங்கியதும் இந்தக் கணக்கில் சேரவில்லை. அப்படியும் நிமிடத்துக்கு 15 லிட்டர், நாளொன்றுக்கு 21,600 லிட்டர், 38 நாட்களில் எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 லிட்டர் வரை தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நூறு லிட்டர் என்றே வைத்துக்கொண்டாலும் இருநூறு பேருக்கு மேல் போதுமான நீர், ஒரே ஒரு குழியின் வழியாக, தினமும் சாக்கடைக்குப் போகிறது.

அதே தெருவின் வீடுகளுக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை, நள்ளிரவு தாண்டி, ஒரு மணி நேரம் மட்டுமே நீர் விடுகிறீர்கள். எத்தனை மணிக்கு வரும் என்பது யாருக்கும் தெரியாது. எதிர்வீட்டில் தனியாக வசிக்கும் 76 வயது அம்மாள் இதற்கென ஓர் உத்தி வைத்திருக்கிறார். குழாயைத் திறந்துவிட்டு, அடியில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார். முதலில் காற்று வந்து குழாய் இருமும். பிறகு தகரத்தில் சொட்டு விழும் ஓசை கேட்டு எழுந்துகொள்வார். ஆனால் அப்போது வருவது பழுப்பு நிறத்தில், சாக்கடை வாடையோடு இருக்கும். கால் மணி நேரம் அதைக் கொட்டித் தீர்த்த பிறகு, மிச்சமிருக்கும் நேரத்துக்குள் பாதி பாதி வாளியாகத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே இருக்கும் தொட்டியை நிரப்ப வேண்டும். முழு வாளியை அவரால் தூக்க முடியாது. சென்ற வாரம் ஓர் இரவு டப்பா ஒலிக்கவே இல்லை. உறங்கிவிடுவோமோ என்ற பயத்தில் விடியும்வரை குழாயடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலையில் என்னிடம் அவர் உங்களைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. “உங்கள் வீட்டில் ஒரு வாளி கிடைக்குமா?” என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பழுப்பு நிறத்துக்கான காரணம் உங்கள் பொறியாளர்கள் அறியாததல்ல. நீரை நிறுத்தும்போது குழாய்க்குள் அழுத்தம் இறங்குகிறது. வெளியே தேங்கிய கழிவுநீர் அதே விரிசல்களின் வழியே உள்ளே உறிஞ்சப்படுகிறது. நீர் விடும் நேரத்தில் நல்ல நீர் வெளியேறும் ஓட்டையும், விடாத நேரத்தில் அழுக்கு நீர் நுழையும் ஓட்டையும் ஒன்றேதான். நீருக்கு முன்னால் வரும் காற்றும் மீட்டரைச் சுற்றிவிடுகிறது என்பதால், காற்றுக்கும் சேர்த்தே நாங்கள் கட்டணம் செலுத்துகிறோம். அந்தக் காற்றை இதுவரை தவறாமல் வழங்கிவருவதற்கு நன்றி.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான். புதிய ஆலைக்கு முன்பாக, விநியோகப் பரப்பைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் நுழையும் நீரையும் வீடுகளைச் சேரும் நீரையும் அளந்து, இடையில் காணாமல்போகும் அளவை மாதந்தோறும் பொதுவில் வெளியிடுங்கள்.

இது யாரும் செய்துபார்க்காத வித்தை அல்ல. பிரிட்டனில் 1980-களின் தொடக்கத்திலேயே இந்த முறை வகுக்கப்பட்டுவிட்டது. ஊர் உறங்கும் பின்னிரவில் ஒரு பகுதிக்குள் எவ்வளவு நீர் ஓடுகிறது என்று பார்த்தால் போதும். அதில் பெரும்பகுதி கசிவாகத்தான் இருக்கும். அழுத்தத்தைத் தேவைக்கேற்பக் குறைத்தாலே கசிவு குறைந்துவிடும். கசியும் ஓசையைக் கேட்டு இடத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகள் இருக்கின்றன. (எங்கள் தெருவில் எந்தக் கருவியும் தேவைப்படாது, கண் போதும்.) கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் 1993-ல், வழங்கிய நீரில் 72 விழுக்காடு கணக்கில் வராமல் போனது. எக் சோன் சான் தலைமையில் அந்த நகரத்தின் நீர் வாரியம் மீட்டர்களைப் பொருத்தி, கள்ள இணைப்புகளைத் துண்டித்து, பழைய குழாய்களை மாற்றி, அந்த இழப்பை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவந்ததோடு, நாள் முழுவதும் நீர் தரவும் தொடங்கியது. 2006-ல் அவருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது. மீட்டர் பொருத்தப்போன இடத்தில் ஒரு படைத்தளபதி அவரை நோக்கித் துப்பாக்கி நீட்டியதாகச் சொல்வார்கள். உங்களிடம் அவ்வளவு துணிச்சலை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஒரு குழியை மூடும் அளவுக்கு இருந்தால் போதும்.

புதிய வழிகளுக்கு நாங்கள் எதிரிகள் அல்லர். நமீபியாவின் வின்ட்ஹுக் நகரம் 1968 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீர்க் குழாயிலேயே சேர்த்துவருகிறது. சிங்கப்பூர் 2003-ல், கழிவுநீரை மறுபடி தூய்மையாக்கிப் பயன்படுத்தும் ‘நியூவாட்டர்’ திட்டத்தைத் தொடங்கியது. சுத்திகரித்த நீரையும் மழைநீரையும் நிலத்தடிக்கு அனுப்பிச் சேமித்து வைத்தால் வறண்ட ஆண்டுகளைத் தாண்டலாம். கடல்நீர் ஆலையும் ஒருநாள் தேவைப்படலாம். ஆனால் அதில் ஒரு கன மீட்டர், அதாவது ஆயிரம் லிட்டர், நீரைப் பிரித்தெடுக்கவே ஏறத்தாழ 3 முதல் 4 கிலோவாட் மணி மின்சாரம் செலவாகிறது. அத்தனை செலவில் எடுத்த நீரை எங்கள் தெருமுனைக் குழியின் வழியாகவே அனுப்பப் போகிறீர்கள் என்றால், கடல்நீரைச் சுத்தம் செய்து சாக்கடையில் விடும் திட்டம் என்று அடிக்கல்லில் பொறித்துவிடுவதே நேர்மையாக இருக்கும்.

இதற்கிடையே, பல் துலக்கும்போது குழாயை மூடும்படி எங்களுக்கு அறிவுரை சொல்லும் பெரிய விளம்பரப் பலகையை, அந்தக் குழியிலிருந்து இருபதடி தூரத்தில் நட்டு வைத்திருக்கிறீர்கள். சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம். 2018-ல் வறட்சியால் குழாய்கள் அடைக்கப்படும் நாள் நெருங்கியபோது, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் மக்கள் தங்கள் பயன்பாட்டைப் பெருமளவு குறைத்துக் காட்டினார்கள். அங்கே வாரந்தோறும் அணைகளின் நீர்மட்டமும் நகரத்தின் பயன்பாடும் மக்களுக்கு அறிவிக்கப்பட்டன. எங்களுக்கோ அறிவுரை மட்டும்தான் வருகிறது, கணக்கு வருவதில்லை.

பழுதைப் பார்க்க ஒருநாள் வந்த பணியாளரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் குழாயை அடைக்கும் வால்வு எங்கே புதைந்திருக்கிறது என்பது, ஓய்வுபெற்றுப்போன ஒரு மூத்த பணியாளருக்கு மட்டுமே தெரியும் என்றும், வரைபடம் எதுவும் தன்னிடம் இல்லை என்றும் அவர் சொன்னார். சாலையைக் கடப்பாரையால் ஐந்தாறு இடங்களில் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆலையின் முப்பரிமாண மாதிரிப்படம் உங்கள் அறிவிப்போடு வந்திருந்தது; தெருக்குழாயின் வரைபடம் அதைச் சரிசெய்ய வருபவரின் கையில் இல்லை.

கோபத்தில் வார்த்தை சற்றுத் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு மீண்டும் கேட்கிறேன்: பகுதிவாரியாக நீரை அளந்து, இழப்பை மாதந்தோறும் வெளியிடுங்கள். முதல் மாதக் கணக்கு எவ்வளவு மோசமாக இருந்தாலும் நாங்கள் கூச்சலிட மாட்டோம். அடுத்த மாதம் எவ்வளவு குறைந்தது என்று மட்டும் பார்ப்போம். அதுவரை, எங்கள் தெருமுனைக்கு ஒருவரை அனுப்பி வையுங்கள். விளம்பரப் பலகையை அடையாளமாகச் சொன்னால் யாரும் வழிகாட்டுவார்கள். அளந்து பார்க்க விரும்பினால் வாளியும் கடிகாரமும் நான் தருகிறேன்.

இப்படிக்கு,
மூன்று முறை ‘சரிசெய்யப்பட்ட’ புகார்தாரர்