கடையில் போட்ட பணத்துக்கும் வரி உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் 18 ஆண்டுகளாக வெல்டிங் குத்தகை வேலை செய்கிறேன். சுற்றுவட்டாரத்துச் செம்பனை ஆலைகளில் பைப் ஒழுகினாலும், கன்வேயர் சட்டம் விட்டுப்போனாலும் கூப்பிடுவார்கள். வயது ஐம்பதை நெருங்குகிறது, முதுகு ஒத்துழைக்கவில்லை. அதனால் 2024 நவம்பரில் தோசை மாவுக் கடை ஒன்றைத் திறந்தேன். கடன் வாங்கவில்லை. ஆலை வேலையில் வந்த லாபத்திலிருந்து 38,000 வெள்ளியை (ரிங்கிட்) எடுத்துப் போட்டேன்.

அந்த ஆண்டு வெல்டிங்கில் செலவு போக நின்றது 92,000 வெள்ளி. அதில் 38,000 கடைக்குப் போய்விட்டது, மீதி 54,000 என்று கணக்குப் போட்டேன். எனக்கு, மனைவிக்கு, இரண்டு பிள்ளைகளுக்கு, காப்புறுதிக்கு என்று 20,000 வெள்ளி விலக்கு. மிஞ்சுவது 34,000. அது 35,000க்குள் இருப்பதால் வரித் தள்ளுபடியும் சேர்ந்து வரியே வராது, தவணையாக ஏற்கெனவே கட்டிய 1,500 வெள்ளியும் திரும்பக் கிடைக்கும் என்று நம்பியிருந்தேன். கேட்ட நண்பர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

மறு ஆண்டு ஜூனில் பி பாரம் (தொழில் வருமானம் உள்ளவர்கள் கொடுக்கும் வருமான வரிப் பாரம்) நிரப்ப, ஈப்போவில் ஒரு கணக்காளரிடம் ரசீதுகளைப் பிஸ்கட் டின்னில் கொண்டுபோனேன். அவர் அவற்றை மேசையில் கொட்டி நான்கு குவியலாகப் பிரித்தார். கிரைண்டர், ஃப்ரீசர் 14,000. டைல்ஸ், தொட்டி, கூரை 12,000. முன்பணமும், கடை திறப்பதற்கு முன் கட்டிய வாடகையும் 4,000. திறந்த பிறகு வாங்கிய அரிசி, உளுந்து, பிளாஸ்டிக் பை, மின்கட்டணம் எல்லாம் சேர்த்து 8,000.

பிறகு ஒவ்வொரு குவியலாகத் தள்ளி வைத்துக்கொண்டே வந்தார். டைல்ஸும் கூரையும் மூலதனச் செலவு, அதாவது பல ஆண்டு நிற்கும் பொருளுக்குப் போட்ட பணம், அதனால் வருமானத்தில் கழியாது. முன்பணம் செலவே அல்ல. திறப்பதற்கு முந்திய வாடகை, தொழில் தொடங்காத காலத்துச் செலவு என்பதால் அதுவும் கழியாது. கிரைண்டருக்கும் ஃப்ரீசருக்கும் முதல் ஆண்டில் தொடக்கக் கழிவு 20 விழுக்காடும் ஆண்டுக் கழிவு 14 விழுக்காடும் சேர்த்து 4,760 வெள்ளி மூலதனக் கழிவு உண்டு. ஆனால் அது மாவுக் கடையின் வருமானத்தில் மட்டுமே கழியும். கடையில் லாபம் வரும்வரை காத்திருக்க வேண்டும், வெல்டிங் பக்கம் கொண்டுவர முடியாது. நான்காவது குவியல்தான் உதவியது. இரண்டு மாதத்தில் விற்பனை 6,000, செலவு 8,000. அந்த 2,000 வெள்ளி நட்டத்தை அதே ஆண்டின் வெல்டிங் வருமானத்தில் கழிக்கலாம்.

ஆக, நான் போட்ட 38,000இல் வெல்டிங் வருமானத்தைக் குறைத்தது வெறும் 2,000. 92,000இல் அந்த 2,000மும் 20,000 விலக்கும் போக வரிக்குரிய வருமானம் 70,000, வரி 3,700 வெள்ளி. கட்டியது போக 2,200 பாக்கி. கையில் இருந்ததெல்லாம் கடைக்குள் முடங்கிக் கிடந்ததால், மனைவியின் சங்கிலியை அடகு வைத்துத்தான் கட்டினேன். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

லாபம் வந்த அன்றே அதற்கு வரி வந்துவிடுகிறது. அந்தப் பணத்தை வங்கியில் வைத்தாலும், புதுக் கடையில் போட்டாலும் ஒன்றுதான். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால், வரிக்கு ஒதுக்கிவிட்டு மீதியை வைத்துத்தான் கடையைப் போட்டிருப்பேன். கூரையை இன்னொரு வருடம் தள்ளிப் போட்டிருக்கலாம்.

இப்போது ஆலை பில் பணம் வந்ததும் பத்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடுகிறேன். ரசீதுகளை உடனே நகல் எடுத்துவிடுகிறேன். ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டிய கிரைண்டர் ரசீதில் எழுத்து பாதி மறைந்துபோயிருந்தது.

இன்னொன்று. வரியை முன்கூட்டியே தவணையாகக் கட்டச் சொல்லும் இவ்வாண்டுக்கான சிபி500 நோட்டீஸ் பழைய வருமானத்தை வைத்தே வந்திருக்கிறது. எனக்கோ ஆலை வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. ஜூன் 30க்குள் சிபி502 பாரம் கொடுத்துத் தவணையைத் திருத்தக் கேட்கலாம் என்பதையும் அந்தக் கணக்காளர்தான் சொன்னார்.

எங்கள் ஊரில் லாரி, புல்வெட்டு, வயரிங் குத்தகை எடுப்பவர்கள் பலர் அந்தக் காசில் சாப்பாட்டுக் கடை, தையல் கடை என்று தொடங்குகிறார்கள். பி பாரத்துக்கான கடைசி நாளும் ஜூன் 30தான். அதற்கு முன் தங்கள் பத்திரிகையில் தமிழ் தெரிந்த ஒரு வரிக் கணக்காளரைக் கொண்டு நான்கு வாரம் கேள்வி பதில் வெளியிடுங்கள். என் ரசீதுகளும் கணக்கும் உதவும் என்றால், பெயரைப் போடாமல் அவற்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம்.

வெல்டிங் குத்தகையாளர்,
சுங்கை சிப்புட், பேராக்