சங்கத்தின் ஆண்டறிக்கை: ஏப்ரல் 2020 – மார்ச் 2021

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், தத்தம் வீடுகளிலிருந்து திரைவழியே இணைந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

விமானிகள், விமானச் சிப்பந்திகள், பொறியாளர்கள், தரைச்சேவை ஊழியர்கள் எனச் சிங்கப்பூரின் விமானத் துறையில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்பதற்காகத் தொடங்கிய சங்கம் இது. நம்முடையது தொழிற்சங்கம் அன்று. சம்பளப் பேச்சுவார்த்தையில் நமக்கு இடமில்லை. ஆனால் பேச்சு முடிந்து, சம்பள வெட்டு அல்லது ஆட்குறைப்புக் கடிதம் வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்வது என்ற கேள்வி நம்மிடம்தான் வருகிறது. இந்த ஆண்டு முழுவதும் அந்தக் கேள்வியோடுதான் கழிந்தது. ஆகவே வழக்கமான நிகழ்ச்சிகளைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன்.

கொவிட்-19 பெருந்தொற்றால் எல்லைகள் மூடப்பட்ட நிலையில், 2020 மார்ச் 23 அன்று, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், அதன் துணை நிறுவனமான சில்க்ஏர் இரண்டுக்கும் சொந்தமான 147 விமானங்களில் ஏறத்தாழ 138 தரையில் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அதே குழுமத்தின் மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட்டின் 49 விமானங்களில் 47 நின்றன. மே மாதம் சாங்கி விமான நிலையத்தின் இரண்டாம், நான்காம் முனையங்கள் மூடப்பட்டன. சில விமானங்கள் ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பாலைநிலத்தில் நிறுத்திவைக்க அனுப்பப்பட்டன. பெரிய நாடுகளில் எல்லை மூடினாலும் உள்நாட்டுப் பயணம் கொஞ்சமாவது மிஞ்சும். நமக்கு அது இல்லை. இங்கே ஓடுபாதையை விட்டு எழும் ஒவ்வொரு பயணிகள் விமானமும் வேறொரு நாட்டில்தான் இறங்க வேண்டும்.

உதவி வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் பங்குதாரர்களிடமிருந்து 880 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) திரட்டியது. அரசாங்கத்தின் வேலை ஆதரவுத் திட்டம், தொடக்கத்தில் விமானத் துறையின் உள்ளூர் ஊழியர்களுக்கு மாதச் சம்பளத்தின் முதல் 4,600 வெள்ளியில் 75 விழுக்காட்டை ஏற்றுக்கொண்டது. அப்படியிருந்தும் செப்டம்பர் 10 அன்று, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமத்தில் ஏறத்தாழ 4,300 பணியிடங்கள் நீக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. ஆள்சேர்ப்பு நிறுத்தம், முன்கூட்டிய ஓய்வு, விருப்ப விலகல் ஆகியவற்றைக் கழித்த பின் ஏறத்தாழ 2,400 பேர் பாதிக்கப்படுவார்கள் என்று நிறுவனம் கூறியது.

விமானிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் விமானி அல்லன், பராமரிப்புப் பிரிவுக்காரன். ஆனாலும் "கைநிறையச் சம்பளம் வாங்கியவர்கள்தானே, சமாளிக்கட்டும்" என்ற பேச்சை இந்த ஆண்டு பல இடங்களில் கேட்டு மனம் வருந்தினேன். விமானியின் வருமானத்தில் கணிசமான பங்கு பறக்கும் நேரத்துக்கான படி. விமானம் நின்ற அன்றே அது நின்றுவிடுகிறது. சம்பள வெட்டு அதற்குப் பிறகு வருகிறது. வேலையோ வருமானமோ இழந்தவர்களுக்கென வந்த கொவிட்-19 ஆதரவு மானியம், முன்பு குடும்ப மாத வருமானம் 10,000 வெள்ளிக்கு மேற்படாமல், அல்லது தலைக்கு 3,100 வெள்ளிக்கு மேற்படாமல் இருந்தவர்களுக்கு உரியதாக இருந்தது. போன ஆண்டின் நல்ல வருமானத்தால் இந்த ஆண்டு உதவியின் எல்லைக்கு வெளியே நின்ற குடும்பங்கள் நம் சங்கத்தில் உண்டு. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் கட்டணமும் பழைய வருமானத்தின் கணக்கில்தான் வந்துகொண்டிருந்தன.

விமானிகள் சம்பள வெட்டை ஏற்றுக்கொண்டதால் சக விமானிகள் பலரின் வேலை தப்பியது. இதை நான் முழு மரியாதையோடு பதிவு செய்கிறேன். உலகெங்கும் இதே கணக்குதான் ஓடியது. அமெரிக்காவில் யுனைடெட் நிறுவனத்தின் விமானிகள் வேலை நேரத்தைப் பகிர்ந்துகொள்ள வாக்களித்து, ஏறத்தாழ 2,850 பேரின் கட்டாய விடுப்பைத் தள்ளிப்போட்டார்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானிகள் 20 விழுக்காடு வெட்டுக்கு ஒப்புக்கொண்டார்கள்; அது ஈராண்டுகளில் 8 விழுக்காடாகிப் பின் முற்றிலும் நீங்கும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது. ஹாங்காங்கின் கேத்தே பசிபிக் நிறுவனம் 8,500 பணியிடங்களை நீக்கி, தன் துணை நிறுவனமான கேத்தே டிராகனையே மூடிவிட்டது.

அமெரிக்க நடைமுறையில் கட்டாய விடுப்பில் போகும் விமானி மூப்பு வரிசையில் தன் இடத்தை இழப்பதில்லை. நிலைமை சீரானதும் அந்த வரிசைப்படி திரும்ப அழைக்கப்படுவார். இங்கே ஆட்குறைப்பு என்றால் உறவு அறுந்துவிடுகிறது. மீண்டும் ஆள் எடுக்கும்போது அவரும் புதியவரோடு சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். அந்த வேறுபாட்டை நாம் அனைவரும் மனத்தில் வைக்க வேண்டும் என்று செயற்குழுவில் தொடர்ந்து வற்புறுத்தி வந்தேன்.

மூத்த உறுப்பினர்களுக்கு 2003 நினைவிருக்கும். சார்ஸ் நோய்த்தொற்றுக் காலத்துச் சம்பள வெட்டில் மனம் கசந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானிகள், அவ்வாண்டு நவம்பரில் தங்கள் தொழிற்சங்கத் தலைமையையே வாக்களித்து நீக்கினார்கள். மறு ஆண்டு தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டு, உறுப்பினர்களின் ஒப்புதல் வாக்கைக் கோராமலேயே நிர்வாகக் குழு ஒப்பந்தம் செய்துகொள்ள வழி பிறந்தது. இந்நிலையில் ஒப்பந்தத்தை உறுப்பினருக்குப் புரியவைக்க வேண்டிய பொறுப்பு இன்னும் பெரிதாகிறது. அதனால்தான் ஓய்வுபெற்ற நம் கேப்டன் ஒருவரை வைத்து மாலைநேரக் கூட்டங்கள் நடத்தினோம். வெட்டு அடிப்படைச் சம்பளத்திலா, படியிலா? எந்தத் தேதியில் முடிகிறது? முடியும் நாள் குறிக்கப்படவில்லை என்றால், எந்த நிபந்தனையில் மறுபரிசீலனை? பின்னாளில் ஆட்குறைப்பு வந்தால் இழப்பீடு எந்தச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படும், வெட்டுக்கு முந்தையதா பிந்தையதா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் அந்தக் கூட்டங்களில்தான் முதன்முதலாக யோசித்தார்கள்.

இனி நலநிதி. இதில் செயற்குழு ஒருமனதாக இல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. எல்லா உறுப்பினர் குடும்பங்களுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்போம் என்றனர் சிலர். எல்லாருக்கும்தான் வருமானம் குறைந்தது என்பது அவர்கள் வாதம். நான் அதை ஏற்கவில்லை. பாதிச் சம்பளம் வரும் வீட்டையும் சம்பளமே வராத வீட்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. நீண்ட விவாதத்துக்குப் பின், வேலை இழந்தவர்களுக்கு முதலிடம், சம்பளமில்லா விடுப்பில் இருப்பவர்களுக்கு அடுத்த இடம், வேலையில் இருப்பவர்கள் முடிந்ததைக் கொடுப்பது என்று முடிவாயிற்று. இதனால் வருத்தப்பட்டுச் சில குடும்பங்கள் விலகின. அவர்களோடு பேசினேன். அவர்களுடைய நெருக்கடியும் உண்மையானதுதான். அவர்கள் திரும்பி வர வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். ஆனால் முடிவு சரியான முடிவு. வெட்டு விழுந்த நிலையிலும் தம் பங்கை மாதந்தோறும் அனுப்பிய கேப்டன்களுக்கு இந்தச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

நிதியின் பெரும்பகுதி எதற்குப் போனது என்று கேட்பவர்களுக்கு: உரிமத்தைக் காப்பாற்றுவதற்கு. பயணிகளை ஏற்றிப் பறக்க வேண்டுமானால், முந்தைய 90 நாள்களுக்குள் மூன்று முறை விமானத்தை எழுப்பி இறக்கியிருக்க வேண்டும். அதோடு மருத்துவச் சான்று, சிமுலேட்டர் (விமான அறையைப் போன்ற பயிற்சிக் கருவி) தேர்வு. வேலையில் இருப்பவருக்கு நிறுவனம் பார்த்துக்கொள்ளும். வேலை போனவர் கைப்பணத்தில் சிமுலேட்டர் நேரம் வாங்க வேண்டும். பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த சில மாதங்களிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்ட இளம் துணை விமானி ஒருவர், பகலில் மருத்துவமனையில் தற்காலிக வேலை பார்த்துக்கொண்டு இரவில் கையேடுகளைப் படித்துவருகிறார். அவர் உரிமம் காலாவதியாகாமல் இருக்க நம் பணம் உதவியது என்பதைவிட இந்த ஆண்டு நான் பெருமையோடு சொல்லக்கூடியது வேறில்லை.

வேலை அனுமதிச் சீட்டில் இருந்த உறுப்பினர்களின் நிலை இன்னும் கடினம். சீட்டு ரத்தானால் பொதுவாக 30 நாள்தான் இங்கே தங்கலாம். குடும்பம் ஜொகூர் பாருவில், எல்லையோ 2020 மார்ச் 18 முதல் மூடிக்கிடந்தது. அப்படிப் புறப்பட்ட ஒருவரின் வீட்டைக் காலி செய்து சாமான்களை அனுப்பிவைத்தவர்கள் நம் இளையர் அணியினர். அவர்களுக்கு நன்றி.

நவம்பர் 22 அன்று ஹாங்காங்குடன் தொடங்கவிருந்த, தனிமைப்படுத்தல் இல்லாத பயண ஏற்பாடு முந்தைய நாள் தள்ளிப்போனபோது நம் குழு உரையாடல் அமைதியாகிவிட்டது. பிப்ரவரி 11 அன்று தடுப்பூசி போட்ட விமானிகளும் சிப்பந்திகளும் மட்டுமே பணிபுரிந்த முதல் பயணங்கள் புறப்பட்டபோதுதான் மறுபடியும் கலகலப்பு வந்தது.

மற்றவை சுருக்கமாக: தீபாவளி, பொங்கல் ஒன்றுகூடல்கள் இணையத்தில் நடந்தன. தைப்பூசத்தில் காவடியும் பாத ஊர்வலமும் இல்லாததால் தண்ணீர்ப் பந்தல் அமைக்கவில்லை. வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

அடுத்த ஆண்டுக்கு மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறேன். நலநிதியை, இதே முன்னுரிமை விதியோடு, நிரந்தர நிதியாக்க வேண்டும். வேலை இழந்த உறுப்பினர்களின் தகுதி, உரிம விவரங்களை அவர்கள் சம்மதத்தோடு ஒரு பதிவேட்டில் வைத்து, எங்கேனும் ஆள் எடுக்கும் செய்தி வந்தால் முதலில் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். விலகிய குடும்பங்கள் விரும்பினால் நுழைவுக் கட்டணமின்றி மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் தீர்மானத்தை வழிமொழிய விரும்புவோர் தலைவர் அழைக்கும்போது பேசுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்