ஏல்சா கிரெய்க்: எலிகளைப் பற்றியும் எழுதியிருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பனித்தளத்தில் கனமான கற்களை வழுக்கவிட்டு ஆடும் கர்லிங் விளையாட்டைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆட்ட விதிகளைத் தெளிவாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் அந்தக் கற்களைத் தரும் ஏல்சா கிரெய்க் தீவை 'ஆளில்லாத மொட்டைப் பாறை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அங்கே இன்றும் வெடி வைத்துக் கல் எடுப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். தினமும் அந்தத் தீவைப் பார்த்தபடி ஸ்காட்லாந்தின் ஏர்ஷயர் கரையில் வாழ்பவள் நான். படித்ததும் மனம் கேட்கவில்லை.

முதலில் கல் விஷயம். அங்கே இப்போது வெடி வைப்பதே இல்லை. பழைய குவாரிகளில் உடைந்து கிடக்கும் கற்களைத்தான் பொறுக்கிப் படகேற்றுகிறார்கள். 2013இல் ஏறத்தாழ 2,000 டன் அள்ளி வந்தார்கள். அது பல ஆண்டுகளுக்குப் போதுமானதாக இருந்தது. மாக்லின் என்ற சிற்றூரில் 1851 முதல் இயங்கும் பட்டறையில் அவற்றைக் கடைகிறார்கள். கல்லைப் புரட்டிப் பார்த்தால் அடிப்பாகத்தில் ஒரு வட்ட விளிம்பு மட்டும்தான் பனியைத் தொடும் என்பது தெரியும். அந்த விளிம்புக்கு இந்தத் தீவின் 'புளூ ஹோன்' என்ற நுண்மணிக் கல் வேண்டும். அது தண்ணீரை உறிஞ்சாது. அதனால் உள்ளே நீர் உறைந்து விரிந்து கல் சிதறாது. சுமார் ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழாயில் உறைந்துபோன பாறைக்குழம்புதான் இந்தத் தீவு. பனியுகத்தில் பனியாறுகள் இங்கிருந்து பெயர்த்துச் சென்ற துண்டுகள் வேல்ஸ் வரை கிடக்கின்றன. பனி எந்தத் திசையில் நகர்ந்தது என்பதை அவற்றை வைத்தே புவியியலாளர்கள் தடம் பிடித்தார்கள்.

அளவில் சிறிய தீவுதான். நூறு ஹெக்டேர்கூட இல்லை. ஆனால் கடலிலிருந்து நேராக 338 மீட்டர் எழுந்து நிற்கிறது. கெர்வன் துறைமுகத்திலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். பெல்ஃபாஸ்டுக்கும் கிளாஸ்கோவுக்கும் நடுவழியில் இருப்பதால், பிழைப்புத் தேடிக் கப்பலேறிய ஐரிஷ் தொழிலாளர்களுக்கு இதுதான் மைல்கல். இப்போது ஆளில்லை என்பது உண்மை. ஆனால் இடிந்த கோட்டை ஒன்று சரிவில் நிற்கிறது. ஸ்டீவன்சன் குடும்பத்துப் பொறியாளர்கள் கட்டிய கலங்கரை விளக்கம் 1886 முதல் எரிகிறது. வயர்லெஸ் வருவதற்கு முன்பு விளக்குக் காவலர்கள் கரைக்குச் செய்தி அனுப்பியது புறா வழியாக. புயலில் புறா பறக்க முடியாவிட்டால் தீ மூட்டிச் சைகை காட்டுவார்கள். 1990இல் விளக்கு தானியங்கியானதும் காவலர்கள் வெளியேறினார்கள்.

கட்டுரையில் நான் தேடிக் கிடைக்காமல் போனது எலிகளின் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கப்பல்களோடு எலிகள் தீவில் இறங்கின. அப்போது அங்கே பஃபின் என்ற சிறிய கடல்பறவைகள் கூட்டம் கூட்டமாக இருந்தன. பஃபின் மண்ணில் வளை தோண்டி, அதற்குள் ஒரே ஒரு முட்டையிடும். எலிக்கு இதைவிட எளிதான இரை ஏது? சில பத்தாண்டுகளில் பஃபின் இனப்பெருக்கமே அங்கே நின்றுபோனது. செங்குத்துப் பாறையில் கூடு கட்டும் பெரிய உடம்புக்காரப் பறவையான கேனட்டை மட்டும் எலிகளால் அசைக்க முடியவில்லை. இன்றும் பல்லாயிரம் ஜோடிகள் அங்கே குடும்பம் நடத்துகின்றன. படகில் அருகே போனால் முதலில் எச்சத்தின் நெடிதான் மூக்கில் ஏறும். பிறகு இரைச்சல். தலைக்கு மேலே ஒன்று சிறகை மடக்கி, ஈட்டிபோல் கடலுக்குள் பாயும்.

1991இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பறவையியலாளர் பெர்னார்ட் சோன்ஃப்ரில்லோ முன்னின்று எலி ஒழிப்பில் இறங்கினார். டன் கணக்கில் வார்ஃபரின் என்ற எலிமருந்து கலந்த தீனியை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து, பாறைச் சரிவெங்கும் வைத்தார்கள். வார்ஃபரின் மெதுவாகக் கொல்லும். அதனால் எலிகளுக்குத் தீனியின் மேல் சந்தேகம் வராது. ஒரு சினை எலி தப்பினாலும் அத்தனையும் வீண். ஒன்றுகூடத் தப்பவில்லை. 2002இல் பஃபின்கள் மறுபடியும் அங்கே குஞ்சு பொரித்தன. நாமே கெடுத்த ஓர் இடத்தை நாமே சரிசெய்ய முடியும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. இன்று தீவு பறவைகள் காப்பகமாக இருக்கிறது. வெடி நின்றுபோனதற்குப் பறவைகளே காரணம்.

வெடி பற்றிய தகவலை அடுத்த இதழில் திருத்த வேண்டுகிறேன். கடல்பறவைகளைப் பற்றி எழுதத் தெரிந்த ஒருவரிடம் ஏல்சா கிரெய்க் குறித்துத் தனிக் கட்டுரையும் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் பக்கத்தில் வந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஏர்ஷயரிலிருந்து ஒரு வாசகி