தி.நகர் உள்தெருவில் குடியிருப்போர் வண்டி நிறுத்த இடம் கேட்டு மூன்றாவது மனு

அனுப்புநர்:
தெருவாசி (பெயர், கதவு எண் உறையின் மேல் உள்ளது),
தியாகராய நகர், சென்னை - 600 017.

பெறுநர்:
உயர்திரு அதிகாரி அவர்கள்,
வாகன நிறுத்தப் பிரிவு.

பொருள்: வீட்டு வாசலில் நோயாளியை இறக்கவும், சட்டப்படி வண்டி நிறுத்தவும் இடம் ஒதுக்கக் கோருதல் - தொடர்பாக.

பார்வை: தை மாதம் நேரில் தந்த மனு, சித்திரையில் பதிவுத் தபாலில் அனுப்பிய மனு.

ஐயா, வணக்கம்.

முதல் மனுவுக்கு முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். இரண்டாவதற்கு ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. பதில் இரண்டுக்கும் இல்லை. தங்களுக்கு வேலைப்பளு அதிகம் என்பது தெரியும், அதனால் சுருக்கமாகவே எழுதப் பார்க்கிறேன். எங்கள் தெருவைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாண்டி பஜாருக்கும் உஸ்மான் ரோட்டுக்கும் இடையில் உள்ள தெரு. ஆடித் தள்ளுபடி சமயத்தில் ஒருமுறை வந்திருந்தால் மறந்திருக்க மாட்டீர்கள்.

1. எங்கள் குடியிருப்பு பழையது. பன்னிரண்டு வீடு, கார் விட நாலு இடம். எங்களுக்கு அதில் பங்கு இல்லை. தெருவை விட்டால் வேறு வழியில்லை.

2. தெருவில் 'நோ பார்க்கிங்' பலகை ஒன்று உண்டு. அதே ஓரத்தில் பத்தடி தள்ளி, வண்டி நிறுத்த வெள்ளைக் கோடும் போட்டிருக்கிறது. கோட்டுக்குள் நிறுத்தினேன், 500 ரூபாய் அபராதம். மறுபடி நிறுத்தினேன், 1,500. பலகையை நட்டவரும் கோட்டைப் போட்டவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை போலும்.

3. என் அப்பாவுக்கு வயது 74. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். காலை ஆறு மணிக்குக் கிளம்பும்போது தெரு காலியாக இருக்கும், பிரச்சினை இல்லை. திரும்பும்போது பதினொன்றரை ஆகிவிடும். அதற்குள் எங்கள் வாசலில் இரண்டு வரிசை பைக் நிற்கும். காரைத் தெருமுனையில் ஒரு நிமிடம் நிறுத்தி அவரை இறக்கி, இஸ்திரி வண்டிக்காரரின் ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, இடம் தேடிச் சுற்றப் போவேன். போன வியாழன் நாற்பது நிமிடம் சுற்றினேன். வந்து பார்த்தால் இஸ்திரி வண்டிக் காலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

அங்கிருந்து வீட்டுக்கு எண்பதடிதான். ஆனால் அப்பாவின் இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்த ரத்தக் குழாய்களை இணைத்துச் செய்த அறுவை) போட்டிருக்கிறது. ஊசி எடுத்து பஞ்சு ஒட்டிய கை, அடிபடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பைக் ஹேண்டில்பார் எல்லாம் சரியாக அந்தக் கை உயரத்தில்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, வண்டிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நடந்து வருகிறார். தெருவில் போகிறவர்கள் சிரிக்கிறார்கள். ஆட்டோவில் போகலாமே என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். ஆட்டோவும் அதே முனையில்தானே ஐயா இறக்கிவிடும்?

4. வாசலை மறித்து வண்டி நிறுத்தக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளில் இருக்கிறது. அது எனக்கு மட்டும்தானா? பக்கத்துக் கடைக்காரர் தெருவில் நாலு கூம்பு வைத்து, கயிறு கட்டி, விசில் கொடுத்து ஆளும் போட்டிருக்கிறார். அந்த ஆள் என்னைப் பார்த்து, "கஸ்டமர் பார்க்கிங் சார், தள்ளி எடுங்க" என்கிறார். நான் வரி கட்டும் தெருவில்! கூம்புக்கு அபராதம் கிடையாது போலிருக்கிறது.

5. 2019-ல் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் வந்தது, நல்ல காரியம்தான், அப்பாவே சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் 222 கார், 513 இருசக்கர வண்டி கொள்ளும் பலமாடி நிறுத்தமும் கட்டினார்கள். கடைக்கு வருகிறவர்களை அங்கே அனுப்பாமல் எங்கள் வாசலுக்கு ஏன் அனுப்ப வேண்டும்?

6. அப்பாவின் கை. அது ஒன்றுதான்.

தயவுசெய்து எங்கள் வாசலில் ஒரு காரின் நீளத்துக்கு மஞ்சள் கோடு போட்டு, நோயாளியை ஏற்றி இறக்க மட்டும் என்று எழுதித் தாருங்கள். கூம்புகளை எடுக்கச் சொல்லுங்கள். குடியிருப்போருக்கு அடையாள அட்டை தந்து, கட்டணம் வாங்கிக்கொண்டாவது நிறுத்த விடுங்கள். மூன்றும் முடியாது என்றால் முதலாவதையாவது செய்யுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன் ஐயா, அந்த மஞ்சள் கோட்டை மட்டுமாவது போட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: அபராத ரசீது நகல் 2, டயாலிசிஸ் அட்டை நகல் 1, வாசலின் புகைப்படம் 3.

குறிப்பு: நாளை சனிக்கிழமை. பதினொன்றரை மணிக்கு இஸ்திரி வண்டிப் பக்கம்தான் இருப்போம். தாங்கள் வந்தால் பார்க்கலாம். வண்டியில் வர வேண்டாம், நிறுத்த இடம் கிடைக்காது.